சூரியநெல்லியில் சாட்சி சொன்ன போர்க்களச் சமையல்காரன்

போருக்குப் போய் வந்தவன் நான். துப்பாக்கியைத் தொட்டதில்லை, வெங்காயம் உரித்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஈராக்கில், அமெரிக்கப் பட்டாளத்துக்குச் சோறு போட்ட ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் சமையல்கட்டு ஆள். ஏஜென்ட் சொன்னதென்னவோ குவைத்தில் ஓட்டல் வேலை. ஒரு நாள் எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். விடிந்து பார்த்தால் ஓட்டலைச் சுற்றி மணல் மூட்டை. "இதென்னுங்க, ஓட்டலுக்கு இத்தனை காவல்?" என்று பக்கத்து சீட்டில் இருந்தவனைக் கேட்டேன்.

"இது ஓட்டலு இல்லவே, சண்டை" என்றான்.

அவன்தான் தேவசகாயம். சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். நான் கொல்லங்கோட்டுக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே பயம், ஒரே ஏஜென்ட். இது போதாதா நட்புக்கு?

வந்து எட்டாவது மாசம் முகாமுக்குள் ஒரு குண்டு விழுந்தது. தேவுவுக்கு இடது கால் கோணிப்போனது. இடது காது மொத்தமாகப் போயிற்று, வலது காது பாதி. கையில் ஒரு மாசச் சம்பளத்தைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இன்னும் இரண்டு வருஷம் இருந்து, சம்பாதித்து, ஊர் திரும்பி வீடு கட்டி, மாவு மில் வைத்து, தொப்பையும் வைத்தேன்.

போன மாசம் தேவுவின் மனைவி ஜெபமணி கூப்பிட்டது. "அண்ணே, ஒங்க சாட்சி வேணும்ணே. நீங்க வரலேன்னா எங்களுக்கு வீடு இல்ல."

விஷயம் இதுதான். எஸ்டேட்டில் வேலை இருக்கிறவரைக்கும்தான் லயத்து வீடு. லயம் என்றால் ரயில் பெட்டிபோல ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை. ஜெபமணி கொழுந்து பறிக்கிறதால் அந்த வீடு. நாலு மாசத்தில் ஜெபமணிக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும். எங்கே போக? அப்போதுதான் மூணாற்றில் ஒரு வக்கீல் அம்மா கண்டுபிடித்துச் சொன்னாராம்: பட்டாளத்து ஒப்பந்தக் கம்பெனியில் அடிபட்டவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அமெரிக்கச் சட்டப்படி நஷ்ட ஈடு உண்டு. கம்பெனி அன்றைக்கே அமெரிக்க அரசாங்கத்துக்கு முறைப்படி அறிக்கை கொடுக்காததால், இத்தனை வருஷம் கழிந்தும் கேட்கலாம். ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி ஒன்று வேண்டும்.

கண்ணால் பார்த்த சாட்சி நான்தான். சும்மா பார்த்ததா? அடிபட்டுக் கிடந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக் கூடாரம்வரைக்கும் ஓடியவன். இந்தக் கதையைக் கொல்லங்கோட்டில் கேட்காதவர் கிடையாது. முதல் வருஷம் நான் ஓடிய தூரம் நூறு அடி. இப்போது அது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பாதிக் கதையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் சம்சாரம் சரசு நான் மூட்டை கட்டுகிறதைப் பார்த்தாள். குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், தலைவலித் தைலம், வயிற்றுக்கு ஒரு மாத்திரை, வயிறு கேட்காவிட்டால் இன்னொரு மாத்திரை. "ஏனுங்க, சாட்சி சொல்லத்தான போறீங்க? அங்கேயே குடியிருக்கப் போற மாதிரியல்ல இருக்குது?"

"மலையில குளிருமல்லோ?"

"குளிருக்கா, பயத்துக்கா?"

கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆனால் இப்படித்தான் குறி தப்பாமல் அடிப்பார்கள்.

முதல் நாள். எங்கள் ஊரில் காலை ஒன்பது மணிக்கே கணவாய்க் காற்று அனலை வாரி முகத்தில் கொட்டும். பஸ் மலையேறிச் சின்னாறு தாண்டும்போது அதே வெயில் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் மறையூர் வெல்ல வியாபாரி ஒருவர். மடியில் ஒரு துணிப்பை, அதில் உருண்டை வெல்லம். ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் இஞ்சி வாசம், கொஞ்சம் புகை வாசம். இதைச் சாப்பிட்ட பிறகு எங்கள் ஊர் மளிகைக் கடையில் வாங்குகிற வெல்லத்தைச் செங்கல் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெல்லம் தின்ற வாய் சும்மா இருக்குமா? போர்க்கதையை எடுத்துவிட்டேன். குண்டு விழுந்தது, புகை, ரத்தம், தோளில் தேவு. ஓடிக்கொண்டே இருக்கிறேன். வியாபாரி வாயைத் திறந்தபடி கேட்டார். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தது. கண்டக்டர்கூடச் சில்லறை எண்ணுகிறதை நிறுத்தினார்.

அப்போது பஸ் நின்றது.

ரோட்டில் ஒரு யானை. அவசரமே இல்லாமல் நின்று, மூங்கில் கிளையை முறித்து, மண்ணைத் தட்டித் தின்றுகொண்டிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, யாரும் சத்தம் போட வேண்டாம், அது அதன் காரியத்தைப் பார்க்கட்டும் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஒரு குழந்தை சிரித்தது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? சீட்டுக்கு அடியில். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. என் தொப்பை அந்த இடுக்கில் நுழையும் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உள்ளே போகிறபோது நுழைந்த உடம்பு, யானை போன பிறகு வெளியே வர மறுத்தது. கண்டக்டரும் வியாபாரியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

வியாபாரி என் சட்டையில் ஒட்டியிருந்த வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டுப் பணிவாகக் கேட்டார். "அண்ணே, பட்டாளத்துல இருந்தேன்னு சொன்னீங்க?"

"சமையல்கட்டுல" என்றேன்.

"அதான பாத்தேன்."

கடைசித் தூரம் ஜீப். ஒன்பது பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்தது. பதினாலு பேரும் ஒரு ஆடும் இருந்தோம். வளைவில் திரும்பும்போதெல்லாம் ஆடு என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், அது அசையாமல் நின்றது. மலைப்பிறவி.

சூரியநெல்லியில் இறங்கினால் எங்கு பார்த்தாலும் தேயிலை. சீப்பால் வாரிவிட்டதுபோல மலை. தேவு ஊன்றுகோலோடு ரோட்டுக்கே வந்து நின்றிருந்தான். முடி முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் மலை எதிரொலிக்கக் கத்தினான். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. "லேய் பழனி! எத்தன மாசம்வே?"

தொப்பையைத்தான் கேட்டான்.

ராத்திரிச் சாப்பாடு கப்பைக்கிழங்கு வேகவைத்து மசித்தது, புளி போட்ட மீன்கறி, பால் விடாத கட்டஞ்சாயா. எங்கள் பக்கத்தில் இந்த மரவள்ளிக் கிழங்கைச் சாயங்காலம் கொறிப்போம். இங்கே அதுதான் சோறு. இரண்டு தட்டு தின்றேன். தின்றுகொண்டே பழைய சமையல்கட்டுக்குப் போய்விட்டோம்.

அந்தச் சமையல்கட்டை எப்படிச் சொல்வது? பாலைவனத்தின் நடுவில் பட்டாளத்துக்காரர்களுக்கு நண்டுக்கால், மாட்டிறைச்சித் துண்டம், ஏழு விதமான ஐஸ்கிரீம். எல்லாம் கடல் தாண்டிக் கப்பலில் வந்து, பிறகு லாரியில், முன்னால் ஒரு பீரங்கி வண்டி பின்னால் ஒரு பீரங்கி வண்டி காவல் வைத்து வரும். நாங்கள் வந்தது கண்ணாடி உடைந்த பஸ்ஸில். ஐஸ்கிரீம் எங்களைவிடப் பத்திரமாக வந்தது. மீந்ததைப் பின்னால் குழி தோண்டிக் கொளுத்துவார்கள். தட்டு, கரண்டி, பிரிக்காத பெட்டி எல்லாம் அதில் எரியும்.

வாசலில் ஒருவன் கையில் சொடுக்கி எண்ணுகிற கருவியோடு உட்கார்ந்திருப்பான். சாப்பிட வருகிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு சொடுக்கு. அந்தக் கணக்குப்படிதான் கம்பெனிக்கு அரசாங்கம் பணம் தரும். கை கழுவப் போய்த் திரும்பி வந்தாலும் சொடுக்கு.

"நம்ம எஸ்டேட்டுல கொழுந்துல நூறு கிராம் கொறஞ்சாக் கேக்கான்" என்றான் தேவு. "அங்க கப்பல் கப்பலாக் குழியில கொட்டுனான். ஒருத்தன் கேக்கலவே."

"எதுக்குண்ணே அந்தச் சண்ட?" என்று ஜெபமணி கேட்டது.

ஒரு ஆயுதம் இருக்கிறது என்று தேடிப் போனார்கள், அது அங்கே இல்லை என்றேன். ஜெபமணி என் தட்டில் இன்னொரு கரண்டி மீன்கறி ஊற்றியது. "இல்லன்னு தெரிஞ்சதும் திரும்பிப் போயிருக்கலாம்லா?"

பெரிய பெரிய ஊர்களில் கேட்க வேண்டிய கேள்வி இது. நான் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அங்கே எங்களோடு தரை கூட்ட ஒரு உள்ளூர்க்காரர் வருவார். பூகோள வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடம் இடிந்துபோனதால் துடைப்பம் பிடித்தார். தரை கழுவுகிற தண்ணீரில் விரலால் கோடு போட்டு, இது டைக்ரிஸ் ஆறு, இது உங்கள் கடல் என்று காட்டுவார். கொல்லங்கோடு எங்கே என்று கேட்டபோது ஒரு சொட்டு வைத்தார். ஒரு வாரம் அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. வாசல்காரனின் கருவியில் அவருக்குச் சொடுக்கு கிடையாது. எங்களுக்கும் கிடையாது. எங்களை எண்ணியது தேவு ஒருவன்தான்.

அது எஸ்டேட்டுப் பழக்கம். காலையில் வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிறதை இங்கே பெரட்டு என்பார்கள். சாயங்காலம் மலை இறங்கும்போது மறுபடி எண்ணுவார்கள். மஞ்சுப் பனி மூடும், யானை நடமாடும். ஒரு தலை குறைந்தாலும் ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். அங்கே முகாமில் சைரன் ஊதி எல்லோரும் சிமென்ட் பதுங்கறைக்குள் ஓடியதும் தேவு முதலில் செய்வது அதுதான். பட்டாளத்துக்காரர்களுக்கு இரும்புத் தொப்பி, எங்களுக்கு அண்டா. தலையில் அண்டாவைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கும் பதினெட்டுப் பேரையும் இருட்டில் தட்டித் தட்டி எண்ணுவான்.

"இந்த மனுசன் ஒரு காரியம்தான்ணே தப்பாச் செஞ்சாரு" என்றது ஜெபமணி, தட்டை எடுத்துக்கொண்டே. "சிகரெட்டு."

"சிகரெட்டா? இவனா?"

"கம்பெனிக் காயிதத்துல அப்படித்தான் இருக்காம். குண்டு விழுதப்ப பதுங்குத எடத்த விட்டு சிகரெட்டு குடிக்க வெளிய போனாராம். அத வெச்சித்தான் எதிராளி வக்கீலு, அவனா வெளிய போயி அடிபட்டா நாங்க பொறுப்பான்னு கேக்கான். சபையில ஒரு வருசம் இவர நற்கருணைக்குச் சேக்கலண்ணே. போதகர் ஊட்டுக்கே வந்து புத்தி சொன்னாரு. நான் ஆறு மாசம் பேசல. இது வரைக்கும் இவரு வாயில பீடி கண்டவங்க உண்டா? கேட்டா, ஒரு தடவ ஆசப்பட்டேன்னு சொல்லுதாரு."

தேவு தலையைக் குனிந்து மீன்சட்டியை வழித்துக்கொண்டிருந்தான். கேட்டதோ கேட்கவில்லையோ.

அந்த நாள் அவன் எதற்கு வெளியே வந்தான் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் மீன்சட்டியை வழிக்கிறான். இன்னொருவன் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டாம் நாள். மூணாறு. வக்கீல் ஷைனி அம்மாவின் அலுவலகம் ஒரு பேக்கரியின் மாடியில். படியேறும்போதே பிளம் கேக் வாசம். சட்டம் இவ்வளவு மணக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மா மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எல்லாம் இந்தச் சிகரெட்டில்தான் நிற்கிறது. இவர் வேறு ஏதாவது வேலைக்காக வெளியே வந்தார் என்றால் வழக்கு நிற்கும். தன் இஷ்டத்துக்கு வந்தார் என்றால் போச்சு. நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?"

"பக்கத்துல" என்றேன்.

இராத்திரி முழுக்க ஒரு பதிலைத் தயார் செய்திருந்தேன். அடுப்பில் எண்ணெய் கொதித்தது, தீப்பிடிக்காமல் இருக்க நான் தைரியமாகப் பின்தங்கினேன், தேவு என்னைக் கூப்பிட வந்தான். கேட்க நன்றாக இருந்தது. படுக்கையிலேயே எனக்குக் கண் கலங்கியது.

சாயங்காலம் ஆறரைக்கு லேப்டாப்பில் அமெரிக்கா வந்தது. அங்கே அப்போது காலை. ஒரு சதுரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், கையில் காபிக் கோப்பை. இன்னொன்றில் எழுதிக்கொள்கிறவர். மூன்றாவதில் மொழிபெயர்க்கிற அம்மா, யாழ்ப்பாணத்துத் தமிழ். "வணக்கம் ஐயா. ஆறுதலாக் கதையுங்கோ. நான் அப்பிடியே சொல்லுவன்."

சத்தியம் செய்து பேரைச் சொன்னேன். மழை பிடித்தது. கரண்ட் போயிற்று, கூடவே இன்டர்நெட்டும். அமெரிக்கா அணைந்தது. நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை, இனி ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று எழுந்தேவிட்டேன். ஷைனி அம்மா அசரவில்லை. தன் போனை எடுத்து, பேக்கரியிலிருந்து ஒரு ரஸ்க் ஜாடியை வரவழைத்து, அதில் சாய்த்து நிறுத்தினார். ரஸ்க்குக்கு முன்னால் அமெரிக்கா மறுபடி உதித்தது.

"சைரன் ஒலித்தபோது நீங்கள் பதுங்கறையில் இருந்தீர்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க."

"அங்கே வர வேண்டும் என்று விதி உண்டல்லவா?"

"உண்டுங்க. வராதவனை அடுத்த பிளேன்ல ஊருக்கு அனுப்பிப்போடுவாங்க."

"பிறகு எங்கே இருந்தீர்கள்?"

கொதிக்கிற எண்ணெய் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் தேவு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை கேட்காது அவனுக்கு. என் வாயையே பார்த்துக்கொண்டு, எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்துத் தலையை ஆட்டினான். அவன் ஆட்டாமல் இருந்திருந்தால் எண்ணெய்க் கதையைச் சொல்லியிருப்பேன்.

"ஐஸ்கிரீம் வெக்கிற குளிர்ப் பெட்டிக்குள்ள இருந்தனுங்க" என்றேன். கன்டெய்னர் அளவுக்கு இருக்கும் அது. "இரும்புப் பெட்டி, குண்டு நுழையாதுன்னு நெனச்சு உள்ள பூந்து கதவைச் சாத்திக்கிட்டனுங்க. ஆள் எண்ணிப் பாத்ததுல ஒண்ணு குறைஞ்சதுனால தேவசகாயம் என்னைத் தேடி வந்தானுங்க. கதவைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பயத்துல நான் திறக்கலீங்க. அவன் திரும்பிப் போறப்பத்தான் குண்டு விழுந்துச்சு. அதுக்கப்புறந்தான் கதவைத் திறந்து வந்து அவனைத் தூக்கிட்டு ஓடினனுங்க."

மொழிபெயர்க்கிற அம்மா உடனே மொழிபெயர்க்கவில்லை. கேமராப் பக்கம் நெருங்கி வந்தார். பிறகு மெல்ல, "விளங்குது ஐயா. குண்டு விழேக்க நாங்களும் பங்கருக்குள்ள இருந்தனாங்கள்" என்றார். அடுத்த நொடியே அலுவலகக் குரலுக்குத் திரும்பி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

வக்கீல் கோப்பையை வைத்தார். "கம்பெனியின் உள் குறிப்பில் சிகரெட் என்று இருக்கிறதே?"

"என்னைப் பெட்டிக்குள்ள இருந்தவன்னு சொன்னா என் வேலை போயிருமுங்க. அதுக்காக அவன் தன் மேல போட்டுக்கிட்டான். அவன் வேலை எப்படியும் போயாச்சல்லோ. அதனாலதான் நான் இன்னும் ரெண்டு வருசம் அங்க இருந்து ஊடு கட்டினேன்."

"நீங்கள் இவருடைய நண்பர். இவருக்கு உதவுவதற்காக இப்படிச் சொல்லலாம் இல்லையா?"

எனக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல்முதலாக முழு உண்மையைச் சொல்கிறேன், அதற்கு மரியாதை இல்லையென்றால்?

"ஏனுங்க, பொய் சொல்றதா இருந்தா நான் நல்லவனா இருக்கிற பொய்யைச் சொல்ல மாட்டனா? அப்படி ஒண்ணு தயாரா வெச்சிருந்தனுங்க. வேணும்னா அதையும் சொல்றேன்."

மொழிபெயர்த்ததும் எழுதிக்கொள்கிறவர் சிரித்துவிட்டார். வக்கீல் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வியும் கேட்கவில்லை. பேனாவை மூடினார்.

கீழே இறங்கி மூன்று துண்டு பிளம் கேக் தின்றேன். நாலாவதைத் தேவுவின் கையில் வைத்தேன்.

மூன்றாம் நாள். காலை ஏழு மணி. லயத்து வாசலில் குழாயடிக் கூட்டம், பெரட்டுக்குக் கிளம்பும் பெண்கள், மேலே மலைமுகட்டில் அப்போதுதான் வெளிச்சம் இறங்குகிறது. நான் இரண்டு ஸ்வெட்டருக்குள் பல் கிட்டிக்க நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஷைனி அம்மா போன் செய்தார். எதிர்த்தரப்பு ராத்திரியே கடிதம் அனுப்பிவிட்டதாம். சிகரெட் வாதத்தை விட்டுவிடுகிறார்கள், தொகை பேசலாம் என்கிறார்கள். எவ்வளவு கிடைக்கும்? ஒரு ஏவுகணையின் வால் வாங்கக்கூடக் காணாது என்றார். ஆனால் கீழே ரோட்டோரம் மூன்று சென்ட் நிலமும் இரண்டு அறையும் கட்டலாம். வீட்டைக் காலி செய்கிறதுக்குள் வருமா என்று கேட்டேன். வர வைக்கிறேன் என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் ஜெபமணி கூடையைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டது. தேவு என்னையும் ஜெபமணியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னவே சொல்லுதாவ?"

"ஒத்துக்கிட்டாங்க!" என்று கத்தினேன்.

"என்னது?"

"ஒத்துக்கிட்டாங்கடா! ஊடு கட்டலாம்!"

அது கேட்டது. ஊன்றுகோலைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு நிமிர்ந்து, "நீ என்ன சொன்ன அவங்கிட்ட?" என்றான்.

"இருந்ததைச் சொன்னேன்."

"கேக்கல, சத்தமாச் சொல்லு."

குழாயடியில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எண்ணினேன். "உள்ள போயிப் பேசிக்கலாம்டா."

"கேக்கலவே!"

அமெரிக்காவிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு வந்ததைச் சூரியநெல்லியில் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. வாயில் மிச்சமிருந்த பற்பசையைத் துப்பினேன்.

"நான் ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்தேன்னு சொன்னேன்! நீ என்னைத் தேடித்தான் வந்தேன்னு சொன்னேன்! சிகரெட்டு பொய்யுன்னு சொன்னேன்!"

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

ஜெபமணி முகத்திலிருந்து கையை எடுத்தது. என்னைப் பார்க்கும் என்று பயந்து ஒரு அடி பின்னால் போனேன். அது பார்த்தது தேவுவை. "அப்ப சிகரெட்டு குடிக்கவே இல்லியா? போதகர் வந்து உக்காந்து அவ்வளவு சொன்னாரே! நான் ஆறு மாசம் பேசாம இருந்தனே! எங்கிட்டயாவது சொல்லப்புடாதா ஒரு மனுசன்?"

"ஒங்கிட்ட சொன்னா எஸ்டேட்டுக்கே சொன்ன மாதிரிலா?" என்றான் தேவு.

குழாயடியில் ஒரு அம்மாள் முதலில் சிரித்தது. பிறகு எல்லோரும். இருபது வருஷமாக நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்து முடிந்தது. வலிக்கவில்லை, கொஞ்சம் குளிராக மட்டும் இருந்தது.

ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. நான் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, வலது காதோடு வாயை வைத்து, "நான் கதவைத் திறந்திருந்தா நீ உள்ள வந்திருப்பியல்லோ?" என்றேன். யாரிடமும் கேட்காத கேள்வி அது.

தேவு கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டான். "நான் எதுக்குவே உள்ள வாரேன்? பதுங்குத எடத்துல பதினேழு பேரு அண்டாவக் கவுத்துக்கிட்டுக் கெடக்கான். நீ எங்க இருக்கன்னு தெரிஞ்சாப் போதும், அதுக்குத்தான் வந்தேன்."

"நான்தான் பதில் குடுக்கலியே?"

"பதிலா? உள்ளருந்து ஒப்பாரிலா வச்ச! முருகான்ன, மாதாவேன்ன, கடைசியா அல்லாவையும் கூப்ட்ட. மூணு பேருக்கும் தேங்கா ஒடைக்கதா நேந்துக்கிட்ட. இந்தக் காதுல நான் கடைசியாக் கேட்டது அதான்வே." இடது காதைத் தொட்டுக் காட்டினான். "ஆளு உசுரோட இருக்கான், கணக்குச் சரின்னு மனசுல சொல்லிக்கிட்டுத் திரும்புனேன்."